கல்லில் வெட்டிய பெயர்

— அதெல்லாம் எனக்குத் தெரியாது, க்ராண்டலம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை என் மகன் சைலஸோட ஆவி மறுபடி உன் மேசைக்கு வந்தாகணும்.

— போன வாரம்தானே வரவெச்சேன், விட்லாக் ஐயா? உங்க வீட்டம்மா எழுத்தை ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்ல, நீங்க கேட்ட எழுத்துலயெல்லாம் தட்டினேன். 'அம்மா, கொடியைப் பிடிச்சபடியே சண்டையில தெற்குப் பட்டாளத்தான் குண்டுக்குச் செத்தேன்.' பாவம், மேசைக்கு முத்தம் குடுத்துட்டுப் போனாங்க.

— மேசைக்கு அடியில கால் கட்டைவிரலைச் சொடுக்கித் தட்டுற சத்தம் எழுப்புற வித்தைக்கு இவ்வளவு பவிசா?

— அந்தக் கட்டைவிரல்தான் உங்க மானத்தைக் காப்பாத்துச்சு. இன்னும் என்ன வேணும்?

— 'என் பேரைச் சொல்லிக்கிட்டு ஒருத்தன் வருவான், நம்பாதே'ன்னு அவன் தன் அம்மாகிட்ட சொல்லணும்.

— யாரு வரப்போறா?

— அவனேதான். கனடாவுலேர்ந்து கடுதாசி போட்டிருக்கான். பட்டாளத்தை விட்டு ஓடினவனை இப்ப யாரும் தேடுறதில்லையாம். நெஞ்சுல சளியாம், அம்மாவைப் பாக்கணுமாம். அந்தக் கடுதாசியை அடுப்புல போட்டுட்டேன்.

— உயிரோடயா இருக்கான்? செத்துட்டான்னு சொல்லித்தானே எங்கிட்ட வந்தீங்க.

— ஓடின அன்னைக்கே செத்தான். சண்டையில செத்தவங்க பேரை வெட்டுற சர்ச் வாசல் கல்லுல, எங்கப்பா பேருக்குக் கீழே, அவன் பேரையும் வெட்டியாச்சு. எங்க வம்சத்துல கோழை கிடையாது.

— பெத்தவளாச்சே, ஐயா.

— பெத்தவ இப்ப பாதிரியார் சொன்னாக்கூட கேக்குறதில்லை. நீ சொன்னாத்தான் கேப்பா. முடியாதுன்னா, உன் கட்டைவிரல் கதையை ஊரே பேசும்.

— சரி, சொல்லித் தொலைக்கிறேன். யாரது, லவினாம்மாவா? வாங்க. என்ன இது, தலையெல்லாம் பனி, இப்படி மூச்சு வாங்க ஓடி வந்திருக்கீங்க?

— ஏங்க, நீங்களும் இங்கதானா? நல்லதாப் போச்சு. நம்ம சைலஸ் வந்தான். மேசையில்ல, தட்டுச் சத்தமில்ல, முழு உருவமா வாசப்படியிலயே வந்து நின்னான். காலையில நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல.

— அவன் எங்கே, லவினா?

— கேளுங்களேன். தாடி, கிழிஞ்ச கோட்டு. 'குளிருதும்மா, கதவைத் திற'ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஆவிக்கு ஏதுடா குளிருன்னு ஜன்னல் வழியாவே கேட்டேன்.

— கதவைத் திறந்தீங்களா, அம்மா?

— திறப்பேனா? உருவம் எடுத்து வந்த ஆவியைத் தொட்டுட்டா அப்புறம் வரவே வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க, க்ராண்டலம்மா. மத்தியானம் வரைக்கும் அழுதான். அப்புறம் படியிலேயே சுருண்டு படுத்துட்டான். இப்பப் பேச்சில்லை. மேல பனி மூடிடுச்சு, ஆனாலும் மறையாமலே கிடக்கான். அதான் கேட்டுட்டுப் போகலாம்னு நம்ம வீட்டுப் பின்வாசல் வழியா வந்தேன். இனிமே தொடலாமா?