கருவியில் பழுதில்லை

1964ஆம் ஆண்டு சூன் மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. கொடைக்கானல் ஏரியில் சென்ற மாதம் பதினேழாம் நாள் நேர்ந்த சாவைக் குறித்த விசாரணை அறிக்கை நேற்று என் கைக்கு வந்தது. நான்கு பக்கம். 'கம்பியில்லாக் கருவியில் ஏற்பட்ட பழுதே காரணம்' என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அது பொய். அந்தக் கருவியில் ஒரு குறையும் இல்லை. காலையில் படகுத்துறைக்கு வந்ததும் அதைத் துடைத்து, மின்கலம் பார்த்து, பேசிப் பார்த்த பிறகே என் கம்பளிச் சட்டையைக் கழற்றி மாட்டுவேன். என் பொறுப்பில் இருந்த பொருளைப் பழுதென்று எழுத அவர்களுக்கு உரிமை தந்தவர் யார்?

என் பெயர் இராமலிங்கம். பழனியில் முப்பத்தோராண்டு தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். கோடைக்கூட்டம் வரும் இரண்டு மாதங்களுக்குப் படகுத்துறையின் பதிவேட்டையும் கருவியையும் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தியிருந்தார்கள்.

அந்த ஏரி கைகால்களைப் பரப்பிக் கிடக்கும் உடும்பைப் போன்றது. ஒரு கையில் இருப்பவரை மறு கையில் இருப்பவர் காண முடியாது. மே மாதத்தில் அறுபது படகுகள் ஒரே வேளையில் மிதக்கும். அதற்காகவே போர்க்காலத்துப் பழைய கருவிகள் பத்து வாங்கினார்கள். ஒன்று என் மேசையில், ஒன்று மீட்புப் படகில், எஞ்சியவை பெரிய படகுகளில். எல்லாவற்றுக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால், அவர் கையை எடுக்கும்வரை பிறர் பேச இயலாது. என் கருவி எல்லாவற்றினும் வலியது. நான் அழுத்தினால் ஏரியில் வேறு குரல் எழாது.

பதினொரு விதிகளை நானே வகுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் விதி எளியது: அழைப்பவர் முதலில் படகின் எண்ணையும், அடுத்து இடத்தையும், அதன் பிறகு தேவையையும் கூற வேண்டும். படகேறும் ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டினேன். அவர்கள் தலையாட்டினார்கள். தண்ணீருக்குப் போனதும் பஜ்ஜி கேட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், எதிரில் வரும் படகிலுள்ள மைத்துனியைக் கேலி செய்தார்கள். ஒரு நாளில் நாற்பது முறை திருத்தியிருக்கிறேன். அந்தக் களைப்பு உறங்கினால் தீர்வதன்று.

மீட்புப் படகை ஓட்டும் பொன்னுவேல் ஒருமுறை சொன்னான்: "சீசனுக்கு வந்த சனம்யா. சோலி இல்லாமத்தான பேசுது. விட்டுத் தள்ளுங்க."

"விட்டால், உயிருக்குத் தவிப்பவன் குரல் நுழைய இடம் இருக்காது" என்றேன். அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனான். நான் சொன்னதை இன்றும் எவராலும் மறுக்க முடியாது.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் சேனாதிபதி வந்தான். பழனி அடிவாரத்தில் கடை வைத்திருப்பவன். எட்டாம் வகுப்பில் என் மாணவன். உடன் அவன் மனைவி வடிவு. நான் விதிகளைப் படித்தபோது அவன் பாதையோரக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏங்க, ஐயா சொல்றதக் காதுல வாங்கிக்கங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு என்னிடம், "இவுக கெடக்காக. நான் ஞாபகப்படுத்துறேங்கய்யா" என்றாள். கருவியுள்ள பெரிய படகொன்றைத் தந்து, படகு எண் பதினேழு, கிழக்குக் கை என்று பதிவேட்டில் எழுதி அனுப்பினேன்.

அரைமணி கழித்துக் கருவியில் என் குரல் கேட்டது. சேனாதிபதி என்னைப் போலவே பேசிக் காட்டினான்: "மாணவர்காள், பன்னிரண்டாம் விதி. ஏரியிலுள்ள மீன்கள் வரிசையாக நீந்துதல் வேண்டும்."

இன்னொரு படகிலிருந்து ஒருவன் கேட்டான்: "ஏலே, வாத்தியாரு எந்திரிச்சு நில்லுன்னா தண்ணிலயா நிக்கிறது?"

சிரிப்பைக் கேட்கக் கருவி தேவைப்படவில்லை. நீரின்மேல் தவழ்ந்து சன்னல் வழியாக வந்தது. நான் சினம் கொள்ளவில்லை. வகுப்பில் இரைச்சல் மிகுந்தால் இரண்டு நிமிடம் வாய்பொத்தி இருக்கச் செய்வது என் வழக்கம். அவ்வாறே பொத்தானை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டேன்.

"ஐயா, வடிவு விழுந்துட்டாய்யா. பாசியில சேலை சிக்கிக்கிருச்சு. எனக்கு நீச்சல் தெரியாது. வெரசா ஆளனுப்புங்கய்யா."

அவன் குரலென்று தெரிந்தது. விளையாட்டன்று என்பதும் தெரிந்தது. முப்பத்தோராண்டு மாணவர்களின் பொய்யைக் கேட்டவனுக்கு மெய்யைக் கேட்டால் தெரியும்.

"முதல் விதிப்படி அழைக்கவும்" என்றேன்.

"ஐயா, சாகுறாய்யா."

அதில் எண் இல்லை. இடமும் இல்லை. நான் மறுபடி பொத்தானை அழுத்தினேன். குறிப்பேட்டை விரித்து, முதல் விதியிலிருந்து பதினோராம் விதிவரை படித்தேன். விரைந்து படிக்கவில்லை, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தினேன். சன்னலுக்கு நேரே, ஏரியின் நடுவில், பொன்னுவேல் படகில் எழுந்து நின்றான். கருவியைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தான். எந்தப் பக்கம் என்று கையை விரித்துக் கேட்டான். வலக்கையால் நான் பொத்தானைப் பிடித்திருந்தேன். இடக்கையைக் கிழக்கே நீட்டியிருக்கலாம். அந்தக் கையால் பக்கத்தைப் புரட்டினேன்.

படித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பொன்னுவேல் தானாகத் துடுப்பைப் போட்டு மேற்குக் கைக்குப் போய்விட்டிருந்தான். நான் பொத்தானை விட்டபோது கருவியில் யாரும் பேசவில்லை. ஏரி அவ்வளவு ஒழுங்காக இருந்ததை அந்தப் பருவத்தில் அன்றுதான் கேட்டேன். வடிவை மாலையில் எடுத்தார்கள்.

விசாரணையில் பொன்னுவேல் தரையைப் பார்த்துக்கொண்டு, "மெசினு மக்கர் பண்ணிருச்சுங்க. ஐயா மேல தப்பில்லீங்க" என்றான். என்மீதுள்ள மரியாதையால் சொன்ன பொய் அது. கேட்டுக்கொண்டிருந்த மற்றப் படகினர் ஊர் திரும்பிவிட்டார்கள். சேனாதிபதி வரவில்லை, அவன் இப்போது யாரிடமும் பேசுவதில்லையாம். என்னிடம் கருவியை எப்போது வாங்கினார்கள் என்று மட்டுமே கேட்டார்கள். அதற்கு விடை சொன்னேன்.

ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். எண்ணும் இடமும் எனக்குத் தெரியும். அவள் மூழ்குவதும் தெரியும். தெரிந்தே அழுத்தினேன். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. கருவியின்மீது பழி கிடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, 'பதினேழு, கிழக்குக் கை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியை அவன் தன் மனைவிக்காகச் செலவிடவில்லை. இப்போது ஒரு தாளை எடுங்கள். அந்தப் பெண்ணைக் கொன்றவர் யார் என்பதை, எழுவாயை மறைக்காமல், ஒரே முழு வாக்கியத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.