மேனேசர் வண்டிச் சத்தம்

— இன்னும் கொஞ்சம் சீமெண்ணெய ஊத்துங்க மாமா. நட்டு அசையுற மாதிரித்தான் தெரியுது.

— நட்டு எங்க அசையுது, ஸ்பேனருதான் வழுக்குது. துரு ஏறி கொழாயும் கிளாம்பும் ஒண்ணா ஒட்டிப்போச்சு. விட்டுத்தொல புள்ள. சைலன்சர் கழட்ட வரல, மதுரைக்குத்தான் கொண்டுபோகணும்னு மேனேசர்கிட்டச் சொல்லிர்றேன்.

— அதெல்லாம் ஆகாது. ராசிங்காபுரத்துக் கல்யாணத்துக்கு பஸ்ஸுல போனவரு சாயங்காலம் நம்ம வாசல்ல வந்து நிப்பாரு. "புதுசு மாட்டி வையி காசிராஜா"ன்னு சொல்லிட்டுத்தானே போனாரு. இந்தாங்க, அடுப்புல கம்பி செவந்துருச்சு. குறட்டோட வாங்கி நட்டு மேல வைங்க.

— பெட்ரோல் டேங்கு பக்கத்துல இருக்கு ராக்கு.

— ஈரச்சாக்கப் போட்டு மூடிட்டேன். வைங்க.

— ஒனக்கு எதுக்கு இம்புட்டு அக்கறை? இது மேனேசர் வெள்ளைத்துரை வண்டி. நெனப்பிருக்கா இல்லையா?

— இருக்கு.

— வெள்ளக்காரன் கப்பலேறியே வருசமாச்சு. இவன் பேருல தொரைய வச்சுக்கிட்டு எஸ்டேட்டயே ஆட்டி வைக்கிறான். சைலன்சர் ஓட்டையாகி வண்டி கத்த ஆரம்பிச்ச பெறகுதான் ஏலக்காட்டுப் பொம்பளைக மூச்சு விடுறாளுக. மலை மெட்டு வளைவுல ஏறயிலேயே சத்தம் கேட்டுருது. ஒக்காந்தவ எந்திரிச்சிர்றா. ஒருத்தியும் சிக்கல. அந்த ஓட்டையப் போட்டதே நான்தான், தெரியுமா?

— தெரியும். அன்னைக்குச் சட்டை பூராம் கரியா வந்தீங்களே.

— தெரிஞ்சுமா கழட்டச் சொல்ற?

— சூடு ஆறுறதுக்குள்ள மெழுகுவத்திய வச்சுத் தேய்ங்க. உருகி மரைக்குள்ள எறங்கட்டும்.

— எப்பிடி ராக்கு மறந்த நீயி?

— மறக்கவா? நெறமாசத்துல இடுப்பு வலிக்குதுன்னு செடியடியில செத்த ஒக்காந்தேன். பின்னால வந்து நின்னது எனக்குத் தெரியவேயில்ல. எந்திரி, மலைய விட்டு எறங்குன்னான். கொட்டுற மழையில நடந்தேன். பாதையிலேயே புள்ள வந்துருச்சு. முந்தானையில ஏந்திப் பாத்தேன். அது அழுகவேயில்ல மாமா.

— கீழ ரோட்டுல அவன் வண்டிக்குள்ள டிரைவரா ஒக்காந்துருந்தேன். ஒண்ணும் தெரியாமப் போச்சே எனக்கு.

— ஒங்கள யாரு குத்தம் சொன்னா. ஸ்பேனரப் போடுங்க. மொதல்ல செத்த இறுக்கிட்டு, பெறகு திருப்புங்க.

— இரு. இரு. அசையுது.

— சொன்னேன்ல.

— கழண்டுருச்சு. இப்பச் சொல்லு. புதுச மாட்டுனா வண்டி பழையபடி சத்தமில்லாமப் போகும். நாளைக்கே எவளையாச்சும் புடிப்பான். எவ வயிறு எரிஞ்சாலும் எரியட்டும், நம்ம புருசன் வேலை நெலைச்சாப் போதும்னு பாக்குறியா?

— அந்த வேலையும் நாளையோட போயிரும் மாமா.

— அப்பறம் எதுக்கு இந்தப் பாடு?

— சத்தம் வந்ததுலருந்து அந்தாளு ஏலக்காட்டுக்குள்ள எறங்குறதே இல்ல, ரோட்டுல வண்டிக்குள்ளயே ஒக்காந்துக்கிட்டு அதிகாரம் பண்ணிட்டுப் போயிர்றான். ஏலக்காட்டுப் பொம்பளைககிட்டயெல்லாம் பேசியாச்சு. பழையபடி சத்தமில்லாமத் தனியா உள்ள நடந்து வந்தாத்தானே எங்க கையில சிக்குவான்.