வலது முழங்கால்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் கால்பந்து கிளப்புக்கு எந்தப் படிவம் வந்தாலும் லூர்துசெல்விதான் நிரப்ப வேண்டும் என்பார்கள். லீகிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் அந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அமுதவல்லி குருசுக்குப்பத்துப் பெண். பன்னிரண்டு வயதில் என்னிடம் பயிற்சிக்கு வந்தாள். அவளுடைய அம்மா கன்னியம்மாள் விடியும்முன் மீன்கூடையோடு கிளம்பிவிடுவார். அதனால் ஏழு வருடம் அவளுக்குக் காலைச் சாப்பாடு என் வீட்டில்தான். நான் தனியாக இருக்கிறேன். ஒருவருக்கு மட்டும் சமைப்பது கஷ்டம்.

டிராஃப்ட் முறை, அதாவது அணிகள் வரிசையாகப் பெண்களை எடுப்பது, உங்களுக்குத் தெரியும். எட்டு அணிகள், மூன்று சுற்று. முந்தின வருடம் கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கும். கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். அந்த முறை கோப்பை வென்றிருந்தது எங்கள் ஊர் அணி. கடைசியில் வந்தது அஸ்ஸாம் பக்கத்து அணி. அவர்கள் இரண்டு முறை வந்து அமுதவல்லியின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பட்டியலில் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் அவளுடைய பயிற்சியாளர் எழுதித் தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை, எடுத்த பிறகுதான். அதுவரை எங்கள் வார்த்தைதான். பழைய காயங்கள் என்ற இடத்தில், வலது முழங்காலில் தசைநார் இரண்டு முறை கிழிந்தது என்று எழுதினேன். அவளுக்குச் சுளுக்குகூட வந்ததில்லை.

ஏழு அணிகள் தயங்கும், அவளைத் தெரிந்த எங்கள் ஊர் அணி எட்டாவதாக எடுத்துக்கொள்ளும், அவள் இங்கேயே இருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு இந்தி தெரியாது, குளிர் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டிராஃப்டுக்கு முந்தின நாள் எங்கள் ஊர் அணியின் மேலாளர் கமலக்கண்ணன் போன் செய்தார். "பொண்ணு நல்லா ஆடுது மேடம். முட்டி பரவால்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, எடுத்துடறேன்" என்றார். பரவாயில்லை என்றால் நான் எழுதியது பொய்யென்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுப்பில் அவளுக்காக வைத்த கேழ்வரகுக் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அதைக் கிளறினேன். பிறகு, "பாத்து முடிவு பண்ணுங்க சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளப் அறையில் டிராஃப்டைச் செல்போனில் பார்த்தோம். கன்னியம்மாள் நெல்லித்தோப்பில் ஜாங்கிரி வாங்கி வந்திருந்தார். "எம்பொண்ணு பேர இந்திக்காரன் எப்பிடிப் படிக்கறான்னு பாக்கணும் டீச்சர், வாய் கோணிக்கும்" என்று சிரித்தார். இருபத்துநான்கு பெயர்களைப் படித்தார்கள். அவள் பெயர் இல்லை. ஜாங்கிரிப் பெட்டியைப் பிரிக்காமலே கன்னியம்மாள் எடுத்துக்கொண்டு போனார்.

அமுதவல்லி அழவில்லை. "எங்கிட்ட என்னா மிஸ் கொற?" என்று மட்டும் கேட்டாள்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். "முட்டியில ஏதோ பாத்திருக்காங்க போல" என்றேன். அவள் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

ஒரு வாரத்தில் வலிக்கிறது என்றாள். ஓய்வெடுக்கச் சொன்னேன். ஒரு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். ஸ்கேன் எடுத்தோம். முடிவை வாங்க நான் மட்டும் போனேன். ஒரு குறையும் இல்லை, நாளைக்கே ஆடலாம் என்றார் டாக்டர். இனி ஆடக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக அவளிடம் சொன்னேன். ஸ்கேன் உறை என் பீரோவில், மாதா படத்துக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் அவள் பெயர் கொடுக்கவில்லை. இங்கே பக்கத்தில் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பெட்டி அடுக்குகிறாள். சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன். "நீங்க இல்லன்னா நா என்னா ஆயிருப்பேன் மிஸ்" என்பாள். நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் திருத்த வேண்டும். அவள் இப்போது வலது காலை இழுத்துத்தான் நடக்கிறாள், முழங்காலைத் தொட்டாலே முகம் சுளிக்கிறாள். அப்படியிருக்க, நான் படிவத்தில் எழுதியதைப் பொய் என்று நீங்கள் குறித்திருப்பது சரியில்லை.