நீட்டியிருந்த கை

கடைக்காரர்: இது எங்க கிடைச்சுதும்மா உங்களுக்கு?

பெண்: மொதல்ல என்னன்னு சொல்லுங்கண்ணே. மூணு கடையில காட்டிட்டேன். ஒருத்தர் கதவுப் பிடின்னார். இன்னொருத்தர் பேனா ஸ்டாண்டுன்னார்.

கடைக்காரர்: அவர் காதுல பேனாவைச் சொருக... இது சிக்னல் கைம்மா. அந்தக் காலத்து இங்கிலீஷ் காருக்கு மினுக்குற விளக்கு கிடையாது. ரெண்டு கதவுக்கும் நடுவுல தூண் இருக்கில்ல, அதுல ஒரு பொந்து. உள்ள இது படுத்திருக்கும். சுவிட்சைத் திருப்பினா வெளிய நீளும், பல்பு எரியும்.

பெண்: இது உடைஞ்சப்போ... நீட்டியிருந்துச்சா, படுத்திருந்துச்சா?

கடைக்காரர்: அதை நான் சொல்லக் கூடாது.

பெண்: பழைய பாகத்துக்கு உங்களை விட்டா ஆளில்லைன்னாங்களே.

கடைக்காரர்: என் வாயை நம்ப வேண்டாம்மா. உங்க கண்ணை நம்புங்க. இந்தத் தூண் துண்டுல ஒரு முழுக் கை படுத்திருக்கு. வளைச்சுப் பாருங்க.

பெண்: விரலே நுழையலையே.

கடைக்காரர்: இப்போ பேட்டரி குடுக்கறேன்.

பெண்: எழும்பலையே.

கடைக்காரர்: ஐயாவுக்குத் தூக்கம். ஒரு தட்டு தட்டினாத்தான்... ம், எழுந்தாச்சு. பின்னாலேருந்து தள்ளுங்க.

பெண்: முன்பக்கமா வளையுது.

கடைக்காரர்: நீங்க கொண்டுவந்தது?

பெண்: ...அதுவும் முன்பக்கம்தான். ஆனா இதே மாதிரி சிக்கிட்டு, மோதின அதிர்ச்சியில தானா எழும்பியிருக்கலாம்ல?

கடைக்காரர்: பல்பு மூடியைப் பாருங்க. கறுப்பா ரப்பர் இழுபட்டிருக்கு. பைக்கோட கைப்பிடி மொதல்ல பட்டதே இதுலதான். மோதறதுக்கு முன்னாடியே வெளிய இருந்தாத்தானே படும்?

பெண்: பைக்குன்னு நான் சொல்லவே இல்லையே.

கடைக்காரர்: ...ஊரே பேசுதும்மா. பைக்ல பின்னால உட்கார்ந்திருந்த பையன் போயிட்டான். சிக்னல் காட்டாமத் திரும்பினார்னு கார்க்காரர் மேல கேஸ். நாளைக்குக் கடைசி விசாரணை. காட்டினேன் காட்டினேன்னு அவரும் தலையால அடிச்சுக்கறார். வண்டியில அந்த சிக்னல் கையே இல்லைன்னா யார் நம்புவா?

பெண்: எப்படி இருக்கும்? என் தம்பி தலையணை உறைக்குள்ள இருந்துச்சே.

கடைக்காரர்: அப்போ பைக் ஓட்டினது...

பெண்: அவன்தான். கார் சிக்னலே காட்டலைன்னு கூண்டுல ஏறிச் சத்தியம் பண்ணிட்டான். அன்னைலேருந்து சோறு இறங்கலை அவனுக்கு. செத்தவன் நினைப்புன்னு நினைச்சேன்... உறையைத் துவைக்க எடுத்தப்போதான் தெரிஞ்சுது.

கடைக்காரர்: இது வெளிய வந்தா அவன் உள்ள போவான்மா.

பெண்: நான் தூக்கி வளர்த்தவன்ணே அவன். எனக்குத் தெரியாதா?

கடைக்காரர்: தெரிஞ்சும்...

பெண்: அதை என் பையில போடுங்க. போடுங்கண்ணே. ஏன் இறுக்கிப் பிடிச்சுக்கறீங்க?

கடைக்காரர்: இந்தக் கீல்ல இருக்கிற பித்தளை ஆணி நான் போட்டதும்மா. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. கார் ஓட்டினது என் கூடப்பொறந்த அண்ணன். மொதல்லயே சொல்லியிருந்தா, நான் என்ன சொன்னாலும் அவருக்காகப் பேசறேன்னுதானே நினைச்சிருப்பீங்க.

பெண்: தெரியும்ணே. கோர்ட் வாசல்ல அவரைத் தாங்கிப் பிடிச்சுட்டு நின்னீங்க. பை இங்கேயே இருக்கட்டும்... நான் மறந்து வச்சுட்டுப் போனதா நினைச்சுக்கங்க.