பாத்திரப் பட்டறைப் பக்கம் தாமே போன ஐயம்பெருமாள் பிள்ளை அவர்களுக்கு

பொருநைக் கரைப் பாடசாலையின் பொறுமைப் பெட்டகமே! கணக்கும் தமிழும் கனிவோடு கற்பித்த தகைமையாளரே! சக உபாத்தியாயர்களின் பொறாமைக்கு நெடுங்காலம் இலக்கான பெருந்தகையே! வணக்கம்.

புகழ வந்த இடத்தில் பொறாமையைச் சொல்லலாமா என்பார்கள். எங்கள் கைலாசம் ஐயா இருக்கும்போது அதை எப்படி மறைப்பது? தாங்கள் ஆற்றுப் பக்கத்து அறையில் காற்று வாங்கிக்கொண்டு பாடம் சொன்னீர்கள். அவரோ தெருப் பக்கத்தில், பாத்திரப் பட்டறையை ஒட்டிய அறையில், தொண்டை கிழியக் கத்தினார். தங்கள் மாணாக்கர் மாலைவரை மலர்ந்த முகத்தோடு இருக்க, அவருடைய மாணாக்கர் மத்தியானத்திற்குள் வாடிக் கொட்டாவி விட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் பாராட்டுத் தங்களுக்கு, ஏச்சு அவருக்கு! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போதாததற்கு, "பிரம்பை எடும், வே! பயலுவ தானா முழிப்பானுவ" என்று தாங்கள் புத்தி வேறு சொன்னீர்கள்.

"ஒரு வாரம் இங்கன வந்து இருந்து பாரும், வே! அப்புறம் பிரம்பைப் பத்திப் பேசும்" என்றார் கைலாசம்.

வீம்புக்கு அறை மாற்றிக்கொண்டு வந்தீர்கள். வாரம் முடியுமுன்பே தங்கள் தலைமாணாக்கன் பலகைமேல் தலை சாய்த்தான். ஆற்றுப் பக்கம் போன கைலாசத்தின் பிள்ளைகளோ கேட்ட கேள்விக்கெல்லாம் கை தூக்கினார்கள். அவருக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

தாங்கள் அவரிடம் போய், "பயலுவ மேல தப்பில்ல, வே. சத்தத்தைத் தாண்டிக் காது குடுத்துக் குடுத்தே அசந்து போவுதானுவ. நீரு அங்கனயே இரும்" என்றீர்கள்.

அன்று முதல் பட்டறைப் பக்கமே தங்கள் இடமாயிற்று. சுத்தியல் ஓயும்போது வாய்ப்பாடம், ஓங்கும்போது எழுத்து வேலை என்று பிள்ளைகளை வாடாமல் காத்தீர்கள். ஊரெல்லாம் தங்கள் பேச்சுத்தான். அறை கிடைத்தும் பெயர் கிடைக்காத கைலாசத்துக்கு அதிலும் பொறாமை!

தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள் என்பதால், நேற்றுத் தலைமை உபாத்தியாயர் எங்களைக் கூட்டி, "இனி பட்டறைப் பக்கத்துக்கு யாரு வே போறது?" என்று கேட்டார். எல்லோரும் கைலாசத்தைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார். பிறகு நாங்களும் தரையைப் பார்த்தோம்.

அண்ணலே! தங்கள் அறைமேல் பட்ட பொறாமை சிறிது. எங்களில் ஒருவருக்கும் வராத அந்த மனத்தின்மேல் படுகிற பொறாமைதான் இன்று சுடுகிறது. தாங்கள் நோய் நொடியின்றி, மத்தியானத் தூக்கம் கெடாமல், நெடுங்காலம் நிம்மதியாக வாழ்க!

திருநெல்வேலி,
1912, பங்குனி.

இங்ஙனம்,
அந்த அறைக்கு இன்னும் ஆள் தராத
கைலாசம் முதலிய உபாத்தியாயர்கள்