கேர்னலுக்குள்ள ஓடின வெள்ளப் பேஜ்

வேணாம் தம்பி. வேகம் கூடுமெண்டு எனக்கும் தெரியும். ஆனா வெப் சேர்வரத் திரும்பக் கேர்னலுக்குள்ள போட வேணாம். இத ஒத்துக்கொண்டீங்கெண்டா வேலை உங்களுக்குத்தான், மத்ததெல்லாம் மறுகா கதைப்பம்.

ஆர் எழுதினதா? எங்கட இவர்தான், என்ட வீட்டுக்காரர் டிலக்சன். பழைய கொம்பியூட்டர் மிசின் ஒண்டு, தேற்றாத்தீவில எங்கட வீட்டில இரிந்த. மாரியில எந்த றோட்டால போகலாம், எது மூடிக் கிடக்கெண்டு ஊர் ஊராக் கேட்டு ஒரு பேஜில போடுவம். வெள்ளமெண்டா முழு மட்டக்களப்பும் ஒரே நேரத்தில அதத்தான் தட்டும். மிசினுக்குத் தாங்க ஏலா. அப்பதான் இவர் லினக்ஸ்ட கேர்னலுக்குள்ளயே, முழு மிசினையும் ஓட்டுற அந்த அடிப் புரோகிராமுக்குள்ளயே, வெப் சேர்வர எழுதி வெச்சார். எனக்கு விளங்கப்படுத்தினது இப்பிடி: கந்தோருக்கு வாற ஆக்கள உள்ளுக்கு விடாம, கேற்றடியிலயே கடதாசியக் குடுத்து அனுப்பிறயாம்.

பறந்திச்சு தம்பி. பொய் சொல்லப்படா.

ஓம், ஓம், அதான் பிழை. வெளியில ஓடுற சேர்வர் விழுந்தா அத மட்டும் எழுப்பலாம். இது விழுந்தா முழு மிசினும் விறைச்சிரும். இஞ்சரிந்து ஒண்டும் செய்ய ஏலா. ஆள் போய்ப் பட்டன அமத்தோணும்.

போன மாரி மழைக்குள்ள அது விழுந்திச்சு. நாங்க ரெண்டு பேரும் டவுன்ல, இந்த அறைக்குள்ளதான். ஓட்டமாவடி நளீர் காக்கா கோல் எடுக்கிறார். வேன் ஓடுறவர். ரெத்தம் சுத்தம் செய்ற நோயாளிகள ஏத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாறார். தங்கச்சி, பேஜ் வருதில்ல, எந்தப் பக்கத்தால வாற எண்டு கேட்டார். அவருக்கு வாயால சொன்னன். மத்த ஆக்களுக்கு ஆர் சொல்ற?

இவர் ஹெல்மெட்ட எடுத்தார். தண்ணி ஏறுது, போகாதீங்க எண்டன். நான் எழுதின சாமான நான்தானே பாக்கோணும் எண்டார். சண்டையொண்டும் இல்ல. தேத்தண்ணிய முழுசாக் குடிச்சிட்டுத்தான் போனார்.

கொஞ்ச நேரத்தால வீட்டிலரிந்து கோல் எடுத்தார். பேஜ் வருதாகா எண்டார். வருது எண்டன். சரி, வெளிக்கிடுறன் எண்டார்.

நளீர் காக்காவா? வந்து சேர்ந்திட்டார், அவருக்கு ஒண்டுமில்ல. நோயாளிகளும் சுகம்.

இல்ல, கோட் எனக்கு முழுக்க விளங்காது. நீங்களே வாசிச்சுப் பாருங்க. அவர்ட்டக் கேக்க ஏலா தம்பி. கிறுகித் திரும்பி வரக்குள்ள மதகடியில தண்ணி இழுத்திட்டுது. பைக் அண்டைக்கே கிடைச்சிச்சு, ஆள் அடுத்த நாள்தான்.

பரவாயில்ல, இரிங்க. எழும்பாதீங்க.

ஊராக்கள்தான் கோல் எடுத்துச் சொன்னவங்க. கேட்டுட்டு ஃபோன வெச்சன். மதகடி றோட்டு மூடியிரிக்கெண்டு பேஜில போட்டன். மத்த சனம் அதால வரும்தானே.