பதினஞ்சாம் பாகம்

இல்ல சார், அந்த ஆளு நான் இல்ல. மியூசியத்துல வெச்சிருக்காங்களே, அந்த வெள்ளி ஸ்பூனைக் கண்டுபிடிச்சது கார்லண்ட். இந்த மஞ்சத் தொப்பியைப் பாத்தாலே எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. நான் டூயி. பேப்பர்ல வந்த போட்டோல அவன் தோளுக்குப் பின்னாடி பாதிக் காது ஒண்ணு தெரியும். அது என்னுது.

இருங்க, போயிடாதீங்க. தொட்டி ரொம்புறதை விட்டீங்கன்னா இனி அடுத்த வருஷந்தான். ரெண்டு மாசம் தண்ணியை வடிச்சிட்டு உள்ள இறங்கித் துருவைக் கொத்துவோம். மிச்ச நாளெல்லாம் காஸ்டிக் சோடா கலந்த தண்ணில ஊறணும், லேசாக் கரண்டு ஓடணும். நூத்தி நாப்பது வருஷம் கடல்ல கெடந்த இரும்பு சார், லேசுல உப்பைக் கக்குமா?

ஆமா, தலைகீழாத்தான் இருக்கு. புயல்ல அந்தப் பழைய போர்க்கப்பல் கவுந்தப்ப அதுமேல இருந்த இந்த இரும்புப் பீரங்கிக் கூண்டு தலைகுப்புறப் போய் மணல்ல குந்திடுச்சு. அப்படியே தூக்கிட்டு வந்துட்டோம். உள்ள நாங்க நடக்குற தரை இருக்கே, அது கூண்டோட கூரை. ஹட்டராஸ் முனைப் பக்கம் கடல்லேருந்து தூக்குனப்போ நானும் கார்லண்டும் ஒண்ணாத்தான் நின்னோம். தண்ணிக்கு மேல வந்ததும் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க நாங்க.

உள்ள மொத்தம் இருபது பாகம். சாக்பீஸ்ல கோடு கிழிச்சு வெச்சிருப்போம். வருஷா வருஷம் ஹெல்மெட்ல சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்கணும். யாரு பாகத்துல என்ன கெடைச்சாலும் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழ அவங்க பேருதான், காலாகாலத்துக்கும் நிக்கும். கார்லண்டுக்குப் பேனாக்கத்தி கெடைச்சுது. பூட்ஸ் கெடைச்சுது. அப்புறம் அந்த ஸ்பூன், மாலுமி பேரே வெட்டியிருந்துச்சு. எனக்கா? நிலக்கரி. இருபத்திரண்டு வருஷமா நிலக்கரி, ஆணி, சிப்பி. வாளி வாளியா.

ஸ்பூன் கெடைச்ச எடம் அதுக்கு முந்தின வருஷம் யாரு பாகம்னு கேளுங்க. என்னுது! முட்டிவலின்னு கடைசி ரெண்டு நாள் வரல. அரை அங்குலம் சார். அரை அங்குலம் பாக்கி வெச்சிட்டுப் போனேன், அவன் வந்து எடுத்துக்கிட்டான்.

மோசமானவனா? மோசமானவனா இருந்தா எவ்வளவோ தேவல, திட்டிட்டாவது கெடக்கலாம். தங்கமான மனுஷன். ரொட்டிக்கு நடுவுல பன்னிக்கறி வெச்சு எனக்கும் சேத்துக் கொண்டாருவான். விருது குடுத்தாங்கல்ல, அந்த மேடைல, இதுல பாதி டூயிக்குச் சேரணும்னுட்டான். எல்லாரும் திரும்பி எனக்குக் கை தட்டுறாங்க. கூசிப் போச்சு. என் பொண்டாட்டி ஜோலீன் இருக்காளே, அவ சொல்றா, கார்லண்ட் எப்படிப் பண்றாருன்னு பாத்துக் கத்துக்கங்களேன்னு. கத்துக்க என்னங்க இருக்கு? அதே உளி, அதே சுத்தி. சீட்டுதான் வேற.

பொறாமைதான். வேற என்னத்தைச் சொல்ல? வயிறு எரியுது சார், பத்து வருஷமா எரியுது.

வெள்ளிக்கெழமை ரிட்டயர் ஆவுறான். நண்டு அவிச்சுப் பெரிய விருந்து. நான்தான் அவனைப் பத்திப் பேசணுமாம்.

எது, அந்தப் புடைப்பா? எதிராளி குண்டு வெளிய அடிச்சதுல உள்பக்கம் வீங்கினது. நல்லாப் பாத்தீங்க. தண்ணி அதைத் தொட்டுடுச்சா? ம். அங்கதான் என் பாகம் முடியுது, பதினாலு. அந்தாண்ட பதினஞ்சு, கார்லண்டோடது.

செவ்வாக்கெழமை எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. நான் ஓரமாக் கொத்திக்கிட்டே போனதுல ஒரு சாண் அந்தாண்ட தள்ளிப் போயிட்டேன். தெரியாமத்தான். துருவுக்குள்ள கருநீலமா என்னமோ தெரிஞ்சுது. விரலால தள்ளித் தள்ளிப் பாத்தா மாலுமியோட கம்பளிச் சட்டை சார். சட்டையோட ஒரு கை மட்டும் முழுசா வெளிய வந்துச்சு, மடிப்புக்கூடக் கலையல. மணிக்கட்டுல ரெண்டு பொத்தானும் போட்டபடியே இருந்துச்சு.

சொன்னா அவன் பேருதானே போடுவாங்க? ஈரக் களிமண்ணை அப்பி மூடிட்டேன். நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னே நாள் போச்சு. இன்னிக்கு வந்து வால்வைத் தொறடான்னாங்க. தொறந்துட்டேன்.

இரும்புக்கு ஒண்ணும் ஆகாது சார், அதுக்குத்தானே இந்தத் தண்ணி. கம்பளி தாங்காது. கூழாக் கரைஞ்சிடும்.

என்னைப் பாக்காதீங்க. வால்வு இதோ, என் கைக்கிட்டத்தான் இருக்கு, திருகினா நின்னுடும். நீங்க வந்து நின்னப்போ பொத்தான் வரைக்கும் நனைஞ்சிருக்கும். இப்ப முழங்கை தாண்டியிருக்கும்.